பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

தென்னூர் வீட்டில் சேர்ந்துவிட்ட ஒலி, ஒளிப்பதிவுகளை ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டுப் பட்டியல் எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. திருச்சி வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து வேவ் கோப்புகளாக மாற்றியவை, கல்யாண விசிடிகள், ஸ்ரீரங்கத்து உறவினர்கள் போனில் எடுத்தவை என்று எல்லாம் கலந்து கிடந்தன. இதற்கு டெர்மினலில் ஓடும் கருவிகளே சிறந்தவை. ஒரே கட்டளையை அத்தனை கோப்புகளின்மேலும் ராத்திரி முழுக்க ஓடவிடலாம்.

நிறுவுவது சுலபம். உபுண்டுவில் எஃப்எஃப்எம்பெக், எக்ஸிஃப்டூல் இரண்டும் ஆப்ட் மூலமே கிடைக்கும். முதலாவதை நிறுவினால் எஃப்எஃப்புரோப் கூடவே வந்துவிடும். வீடியோ, ஆடியோவுக்கு எஃப்எஃப்புரோப், போட்டோவுக்கு எக்ஸிஃப்டூல். முடிவைச் சிஎஸ்வியாகக் கேட்டால் எக்செலில் திறக்கலாம். டிஸ்கை ‘படிக்க மட்டும்’ என்று மவுண்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்கேன் செய்யும்போது எதுவும் மாறக் கூடாது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடினால் பாதிக் கோப்புகள்தான் வரும். காரணம், ஸ்ரீயை இரண்டு விதமாக உள்ளிடலாம்: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, ஶகரத்தில் தொடங்கி இன்னொன்று. 2005-இல் வந்த யூனிகோடு 4.1-இல்தான் ஶ சேர்ந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ வெவ்வேறு பெயர்கள். ‘கொலு’விலும் இதே சிக்கல் உண்டு. பழைய மேக் டிஸ்குகள் ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்துச் சேமிக்கும். கொலுவைக் கான்வ்எம்வி கருவி சேர்த்துவிடும். அது முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டும், நீங்கள் தனியாகச் சொன்னால்தான் மாற்றும். இந்தப் பணிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்ரீக்கு அது உதவாது. நாமே ஒரு வடிவத்தை முடிவுசெய்து மற்றதை மாற்ற வேண்டும்.

அடுத்தது நேரம். எம்பி4 கோப்புக்குள் பதிவாகும் நேரம் விதிப்படி யூடிசி. அது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. வைகுண்ட ஏகாதசி விடியலில் 5 மணிக்குச் சொர்க்கவாசலில் எடுத்த வீடியோ முந்தைய நாள் இரவு 11.30 என்று பதிவாகியிருக்கும். தேதிவாரியாகப் பிரித்தால் ஏகாதசி தசமிக்குள் போய்விடும். எக்ஸிஃப்டூலில் குவிக்டைம்யூடிசி என்ற விருப்பத்தைக் கொடுத்தால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் தரும். ஆனால் சில கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதுகின்றன. அதனால் ஒவ்வொரு கேமராவிலிருந்தும் போனிலிருந்தும் நேரம் நன்றாகத் தெரிந்த ஒரு வீடியோவை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எஃப்எஃப்புரோப் சாதாரணமாகக் கோப்பு முழுவதையும் படிக்காது. நீளம், அளவு எல்லாம் சரியாகக் காட்டிய விசிடி நகல், தாலி கட்டும் இடத்தில் உடைந்திருக்கலாம். முழுக்கப் பார்க்க வேண்டுமானால், எஃப்எஃப்எம்பெக்கிடம் எங்கும் சேமிக்காமல் கோப்பு முழுவதையும் டீகோட் செய்யச் சொல்லி, பிழைச் செய்திகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். ‘மூவ் ஆட்டம்’ இல்லை என்று செய்தி வந்தால், பெரும்பாலும் பதிவு முடிவதற்குள் போன் அணைந்துபோயிருக்கும். அந்தக் கோப்பை அழிக்காதீர்கள். அதே போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று இருந்தால், அதை மாதிரியாக வைத்து அன்ட்ரங்க் என்ற கருவி பல சமயம் மீட்டுவிடும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடுமுன் அதில் ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.