முதல் எரரை மட்டும் படிங்க



இந்த வார எபிசோடில் புரோகிராமிங் கத்துக்க ஆரம்பிக்கிறதைப் பத்திப் பேசினோம். கம்பைல் எரரை எப்படிப் படிக்கிறது என்பதை மட்டும் மைக்கில் சொல்லி விளக்க முடியல. அது கண்ணால் பார்த்துப் பழக வேண்டிய வேலை, அதனால இந்த மடலில் எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் ஜாவாவில். அமெரிக்காவில் ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ பாடம் ஜாவாவில்தான் நடக்குது. பல யூனிவர்சிட்டிகளில் முதல் வருடமும் அதுதான்.

எனக்குத் தெரிந்த சிலர் கோடிங்கைப் பாதியில் விட்டுவிட்டார்கள். லூப் புரியாமல் யாரும் விடல. கம்பைல் பண்ணினதும் திரை முழுக்க எரர் வந்தது, "சரி, இது எனக்கு வராது"ன்னு லாப்டாப்பை மூடிட்டாங்க. பத்து எரர் வந்தா பத்துத் தப்பு பண்ணியிருக்கோம்னு நினைச்சதுதான் காரணம். பெரும்பாலும் அது ஒரே ஒரு தப்பா இருக்கும்.

கம்பைலர் என்ன செய்யுதுன்னு முதலில் பார்ப்போம். பாட்டியிடமோ அம்மம்மாவிடமோ போனில் "நான் நேத்து வருவேன்"னு சொன்னாலும் அவங்க சிரிச்சுட்டு, நாளைக்குத்தான் வர்றீங்கன்னு புரிஞ்சுக்குவாங்க. கம்பைலர் அப்படி ஊகிக்காது. ஃபைலைப் படிச்சுக்கிட்டே போகும். புரியாத இடம் வந்தா "இங்கே எனக்குப் புரியல"ன்னு சொல்லும். இதை நல்லா கவனிங்க: அது காட்டுவது தனக்குப் புரியாமல் போன இடத்தை. நீங்க தப்பு பண்ணின இடம் வேறாக இருக்கலாம்.

ஜாவா எரர் ஒவ்வொன்றிலும் நாலு விஷயம் இருக்கும்: ஃபைல் பெயர், வரி எண், என்ன பிரச்சினை என்ற வாக்கியம், அந்த வரியின் கீழே ஒரு சின்ன கூரை மாதிரி அம்புக்குறி. எல்லா எரரும் முடிந்த பிறகு கடைசியில் மொத்தம் எத்தனை என்று வரும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க.

1. முதல் எரர் மட்டும். 'டோட்டல்' என்று ஒரு வேரியபிள் வேணும். அதை டிக்ளேர் பண்ணும்போது ஒரு எழுத்து இடம் மாறிப்போச்சு. கீழே 5 வரிகளில் சரியான ஸ்பெல்லிங்கில் அதைப் பயன்படுத்துறீங்க. கம்பைலர் 5 தடவை 'கேன்னாட் ஃபைண்ட் சிம்பல்' என்று சொல்லும். காட்டின 5 வரியும் சரியான வரிகள். தப்பான வரி அந்த லிஸ்டிலேயே இல்லை! அதனால மேலே போய் முதல் எரரைப் படிங்க, அதை மட்டும் சரிபண்ணுங்க, மறுபடி கம்பைல் பண்ணுங்க.

2. காட்டின வரியில் ஒண்ணும் இல்லையா? மேலே பாருங்க. ஒரு மெத்தடை மூடும் கர்லி பிரேஸை விட்டுட்டீங்கன்னு வச்சுக்கோங்க. அடுத்த மெத்தட் 'பப்ளிக்' என்று ஆரம்பிக்குது. கம்பைலர் இன்னும் பழைய மெத்தடுக்குள்ளேயே இருக்கிறதா நினைக்குது. அதனால அந்த 'பப்ளிக்' மேல் அம்பு போட்டு 'இல்லீகல் ஸ்டார்ட் ஆஃப் எக்ஸ்பிரஷன்' என்று சொல்லும். அந்த வரியை எத்தனை நேரம் முறைச்சாலும் தப்பு தெரியாது. ரெண்டு வரி மேலே இருக்கு. அதே போல 'ரீச்ட் எண்ட் ஆஃப் ஃபைல் வைல் பார்சிங்' வந்தா, எங்கேயோ ஒரு பிரேஸ் மூடலைன்னு அர்த்தம். காட்டுவது ஃபைலின் முடிவைத்தான். பிரேஸ் விட்டுப்போன இடம் எங்கே வேணும்னாலும் இருக்கலாம்.

3. வாக்கியத்தைக் கடைசி வரை படிங்க. 'கேன்னாட் ஃபைண்ட் சிம்பல்' எரரின் கீழே, எந்தப் பெயரைத் தேடிக் கிடைக்கலைன்னும் எழுதியிருக்கும். அங்கே 'கிளாஸ் ஸ்டிரிங்' என்று இருந்து, அதில் ஸ்டிரிங்கின் முதல் எழுத்து சின்ன எழுத்தா இருந்தா, விடை கிடைச்சாச்சு. ஜாவாவுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. நமக்கு 'பள்ளி'யும் 'பல்லி'யும் வேற மாதிரி.

4. கம்பைலரின் வாயை அடைக்காதீங்க. இதுதான் ரொம்ப முக்கியம். 'இன்ட்' வேரியபிளில் 4.99 விலையைப் போட்டா, 'பாசிபிள் லாஸி கன்வர்ஷன்' என்று எரர் வரும். முன்னாடி ஒரு காஸ்ட் போட்டா எரர் போயிடும். ஆனா விலை 4 ஆகிடும். 3 பொருள் வாங்கினா 14.97 வரவேண்டிய இடத்தில் 12 வரும். இப்போ யாரும் உங்களை எச்சரிக்க மாட்டாங்க. புரோகிராம் ஜம்முனு ஓடும், கணக்குத் தப்பா இருக்கும். இங்கே சரியான மாற்றம் வேரியபிளை 'டபுள்' ஆக்குவது. 'மிஸ்ஸிங் ரிட்டர்ன்' என்று வந்ததும் கண்ணை மூடிட்டு 'ரிட்டர்ன் 0' போடுறதும் இதே கதைதான். எரர் போச்சாங்கிறதோட நிறுத்தாதீங்க. ஏன் வந்துச்சுன்னு கேளுங்க.

"எரரை ஏ.ஐ.கிட்ட பேஸ்ட் பண்ணினா 2 செகண்டில் சரியாயிடுமே?" ஆமா, ஆயிடும். நானும் பயன்படுத்துறேன். ஆனா ஏ.பி. பரீட்சையில் நீங்க எழுதுற கோடைக் கம்பைல் பண்ணிப் பார்க்க வழி கிடையாது. அங்கே நீங்களே கம்பைலர் மாதிரி படிக்கணும். அந்தக் கண் பழகினால்தான் வரும். அதனால ஒரு சின்ன ஒப்பந்தம்: முதலில் எரரை நீங்களே படிச்சு, காரணம் இதுதான்னு ஒரு வரி எழுதுங்க. அப்புறம் ஏ.ஐ.கிட்ட கேட்டு, உங்க பதில் சரியான்னு பாருங்க.

இந்த வார வீட்டுப்பாடம்: நல்லா ஓடுற ஒரு சின்ன புரோகிராமை எடுத்து, வேணும்னே உடைங்க. ஒரு செமிகோலனை எடுங்க, கம்பைல் பண்ணுங்க, என்ன சொல்லுதுன்னு எழுதி வச்சு, திரும்பப் போடுங்க. அடுத்து ஒரு பிரேஸ், அடுத்து ஒரு மேற்கோள் குறி, அடுத்து ஒரு வேரியபிள் பெயரில் ஒரு எழுத்து. 20 நிமிஷம் போதும். காரணம் தெரிஞ்சு பார்த்த எரர், அடுத்த தடவை தெரிஞ்ச முகமா இருக்கும்.

உங்களை ரொம்பப் படுத்தின எரர் எது? இந்த மடலுக்கே பதில் போடுங்க, அடுத்த எபிசோடில் சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.