குறுகிய சொல் குறையுடைய சொல்லா?

மாணவர் விடைத்தாளில் குறுகிய சொல்வடிவம் ஒன்றைக் கண்டதும் 'கொச்சை' எனச் சிவப்பு மையால் சுழிப்பது ஆசிரியராகிய நம் வழக்கம். குறுக்கம் யாவும் சிதைவுதானா? இவ்வினாவிற்குச் சிலாவிய, உராலிய மொழிக் குடும்பங்களின் மூவிடப்பெயர்கள் தெளிவான விடை தருகின்றன.

முதற்கண் சிலாவியக் குடும்பத்தைச் சார்ந்த செக் மொழியை நோக்குவோம். அம்மொழியில் 'எனக்கு' என்பதற்கு 'ம்ஞெ' என்னும் முழுவடிவும் 'மி' என்னும் குறுவடிவும் உள. 'நேற்று எனக்கு நூல் தந்தான்' என இயல்பாகக் கூறுங்கால் 'வ்செரா மி தல் க்னிஹு' என்பர். இக்குறுவடிவம் தனக்கென அழுத்தம் பெறாது. முன்னுள்ள சொல்லைச் சார்ந்தே ஒலிக்கும். ஆதலின் வாக்கியத்தின் இரண்டாம் இடமே அதற்கு உரியது. 'பிறர்க்கன்று, எனக்கே தந்தான்' என வலியுறுத்த வேண்டின் முழுவடிவமாகிய 'ம்ஞெ' முதலில் வந்து நிற்கும். அழுத்தமற்ற சொற்கள் இரண்டாம் இடத்தை நாடுவது பண்டை இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் இயல்பு என்பதை 1892ஆம் ஆண்டிலேயே யாக்கோப் வாக்கர்நாகல் எடுத்துக்காட்டினார். போலிஷ் மொழியிலும் 'அவனுக்கு' என்பதற்கு 'யெமு', 'மு' என இரு வடிவங்கள் உள.

ரஷ்ய மொழியின் வரலாறு வேறு. பழைய ரஷ்யத்தில் வழங்கிய 'மி', 'தி' போன்ற குறுவடிவங்கள் இன்று வழக்கொழிந்தன. 'தன்னை' எனப் பொருள்படும் 'ஸ்யா' மட்டும் எஞ்சியது. நோவ்கொரோத் நகரில் 1951 முதல் கண்டெடுக்கப்பட்டுவரும் பூர்ச்சமரப் பட்டை மடல்களில் இச்சொல் வினையை விட்டு விலகியும் நிற்கக் காண்கிறோம். இத்தகைய சொற்களின் வரலாற்றை அந்திரேய் சலிஸ்னியாக் 2008இல் தனிநூலாகவே ஆய்ந்தளித்தார். இன்றோ அது வினையின் ஈற்றில் பிரியாது ஒட்டிய விகுதி. 'உச்சித்' என்றால் கற்பித்தல். 'உச்சித்ஸ்யா' என்றால் தன்னைத் தானே கற்பித்தல், அதாவது கற்றல். குறுகிய சொல்லொன்று அழியாது இலக்கண உறுப்பாகவே மாறிய விந்தை இது!

இனி உராலியக் குடும்பத்திற்கு வருவோம். எஸ்தோனிய மொழியிலும் பின்னிஷ் மொழியிலும் 'நான்' என்பது 'மினா'. அது குறுகி 'ம' ஆகும். இறுதி உயிரின் ஒலிப்பு மட்டும் இரண்டிலும் வேறுபடும். எஸ்தோனியர் 'ம' என்பதை நூலிலும் எழுதுவர். அழுத்தம் வேண்டுமிடத்தே 'மினா' என்பர். பின்லாந்திலோ 'மினா' என்பதே எழுத்து வழக்கு. 'ம' பேச்சு வழக்கு. எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்கும் பின்லாந்துத் தலைநகர் எல்சிங்கிக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர்க் கடலே உள்ளது. ஒரு கரையில் நூல்வழக்கான குறுக்கம் மறுகரையில் பேச்சுவழக்காக மட்டும் நிற்கிறது. எனவே செம்மை என்பது சொல்லின் நீளத்தில் இல்லை. அச்சமூகம் வகுத்துக்கொண்ட மரபில் உள்ளது.

தமிழும் இதற்கு விலக்கன்று. வேற்றுமை ஏற்குங்கால் 'யான்' 'என்' எனவும், 'நீ' 'நின்' எனவும் குறுகுவதைத் தொல்காப்பியர் விதியாகவே வகுத்தார், பிழையாகக் கொண்டாரல்லர். செக் மொழிக் குறுக்கம் அழுத்தம் பற்றியது, தமிழ்க் குறுக்கம் வேற்றுமை பற்றியது என்னும் வேறுபாட்டையும் நாம் மறத்தலாகாது.

விடைத்தாளில் எழுத்து வழக்கே வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பேச்சில் பிறக்கும் குறுக்கத்தை இழிவெனக் கூறாது, அது எங்கே, ஏன் வழங்குகிறது என மாணவர்க்கு விளக்குவோமாக. சுழிப்பதற்கு முன் விளக்குவதே ஆசிரியர் கடன்.