காட்டு ஏரி நீரைக் குடிநீராக்குதல்: வடிகட்டியும் பிற முறைகளும்

கோடைகாலத்தில் ரொறன்ரோ வாழ் தமிழ்க் குடும்பங்கள் பல அல்கொன்குவின், கில்லார்னி, கவார்த்தா ஹைலண்ட்ஸ் ஆகிய மாகாணப் பூங்காக்களுக்குச் செல்கின்றன. வாகனம் செல்லக்கூடிய பெரிய முகாம்களில் பெரும்பாலும் குழாய்நீர் கிடைக்கும். கனூ வள்ளத்திலோ கால்நடையாகவோ பூங்காவின் உட்பகுதிக்குச் செல்பவர்களுக்கு ஏரியும் ஓடையுமே நீராதாரம். அந்நீரைக் குடிக்கத்தக்கதாக மாற்றும் முறைகளையும், அவற்றுள் பொருத்தமானதைத் தெரிவுசெய்யும் வழியையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றே: எல்லா மாசுகளையும் நீக்கும் ஒற்றை முறை எதுவும் இல்லை. எந்த மாசு இருக்கக்கூடும் என அறிந்த பின்னரே எந்தக் கருவி வேண்டும் எனத் தீர்மானிக்க இயலும்.

மூன்று ஊர்கள், மூன்று பாடங்கள்

ரொறன்ரோவுக்கு வடமேற்கே உள்ள வோக்கர்ட்டன் நகரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கடும் மழை, மாட்டெருவிலிருந்த ஈ.கோலை பற்றீரியாவை நகரின் குடிநீர்க் கிணற்றுக்குள் கொண்டுசேர்த்தது. எழுவர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். போதிய அளவு குளோரின் இடப்பட்டிருந்தால் அந்தப் பற்றீரியா அழிந்திருக்கும்.

அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1993ஆம் ஆண்டு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் நோயுற்றனர். அந்நகரின் நீரில் குளோரின் இருந்தது. ஆயினும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒருகல உயிரி, தன் தடித்த ஓட்டின் காரணமாகக் குளோரினுக்கு அழியவில்லை.

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதற்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. கொதித்தாறிய நீரே பாதுகாப்பானது எனப் பழகிய மக்களுக்கு அங்கு அந்த வழக்கம் கைகொடுக்கவில்லை. கொதிக்கவைத்தல் உயிரிகளைக் கொல்லும். எண்ணெயையோ உலோகத்தையோ நஞ்சையோ நீக்காது.

ஏரி நீரில் இருக்கக்கூடியவை

நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பது அதன் தூய்மைக்குச் சான்றாகாது. நோய் தரும் உயிரிகள் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றின் பருமனே வடிகட்டியின் பயனை நிர்ணயிக்கின்றது. மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீற்றர் ஆகும்.

• ஒருகல உயிரிகள்: ஜியார்டியா ஏறத்தாழ 10 மைக்ரோமீற்றர், கிரிப்டோஸ்போரிடியம் ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றர். பீவர் முதலான விலங்குகளின் கழிவாலும் மனிதக் கழிவாலும் ஜியார்டியா பரவும். இது உண்டாக்கும் நோயைக் கனடாவில் ‘பீவர் காய்ச்சல்’ என்றும் அழைப்பர்.
• பற்றீரியாக்கள்: பெரும்பாலும் 0.2 மைக்ரோமீற்றரிலும் பெரியவை.
• வைரசுகள்: பல 0.1 மைக்ரோமீற்றரிலும் சிறியவை. மனிதரை நோயுறச் செய்பவை பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்தே வருவதால், ஆள்நடமாட்டம் குறைந்த ஏரிகளில் இவற்றின் ஆபத்துக் குறைவு. நெரிசலான முகாம்களின் அருகே கூடுதல்.

முறைகளும் அவற்றின் எல்லைகளும்

கொதிக்கவைத்தல்: மூவகை உயிரிகளையும் கொல்லும் மிக நம்பகமான முறை இது. நீர் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் மூன்று நிமிடம் வேண்டும். ஒன்ராறியோவின் மிக உயர்ந்த இடமே 693 மீற்றர்தான் என்பதால், இம்மாகாணத்தில் எங்கும் ஒரு நிமிடமே போதுமானது. எரிபொருளும் ஆறவைக்கும் நேரமும் தேவைப்படுவது இம்முறையின் குறை.

வடிகட்டி: 0.1 அல்லது 0.2 மைக்ரோமீற்றர் துளையுடைய நுண்குழாய் வடிகட்டியும் பீங்கான் வடிகட்டியும் ஒருகல உயிரிகளையும் பற்றீரியாவையும் தடுக்கும். வைரசுகளைப் பொதுவாகத் தடுக்கா. பெட்டியில் துளையின் அளவோடு ‘அப்சலூட்’ என்னும் சொல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அவ்வளவுக்கு மேற்பட்ட எதுவும் கடக்காது என்பது அதன் பொருள். ‘நொமினல்’ என்றிருந்தால் அது சராசரி அளவு மட்டுமே. ‘ஃபில்டர்’, ‘பியூரிஃபையர்’ என்னும் இரு சொற்களும் ஒன்றல்ல. பின்னது வைரசுகளையும் நீக்க வேண்டும். என்.எஸ்.எஃப். பி231 என்னும் தரநெறி, பற்றீரியாவில் 99.9999 வீதத்தையும், வைரசில் 99.99 வீதத்தையும், ஒருகல உயிரிகளில் 99.9 வீதத்தையும் நீக்குமாறு கோருகின்றது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் கரி வடிகட்டிக் குடுவை இவ்வகையைச் சேர்ந்தது அன்று. அது ஏற்கெனவே பாதுகாப்பான குழாய்நீரின் சுவையை மேம்படுத்துவதற்கானது. ஏரி நீருக்கு அதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

வேதி மாத்திரைகள்: எடை குறைந்தவை; மாற்று ஏற்பாடாக எப்போதும் பையில் வைத்திருக்கத்தக்கவை. குளோரினும் அயடினும் பற்றீரியாவையும் வைரசையும் அழிக்கும். கிரிப்டோஸ்போரிடியத்தை அழிக்க அவற்றை நம்ப முடியாது. குளோரின் டைஒக்சைட் மாத்திரை அதனையும் அழிக்கக்கூடியது, ஆனால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரிலும் கலங்கல் நீரிலும் மாத்திரைகள் மெதுவாகவே செயற்படும். கர்ப்பிணிகளும் தைரொயிட் நோயுள்ளவர்களும் அயடின் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

புறஊதாக் கதிர்க் கருவி: தெளிந்த நீரில் மூவகை உயிரிகளையும் செயலிழக்கச் செய்யும். அல்கொன்குவின் ஏரிகள் பலவற்றின் நீர், சதுப்புநிலத் தாவரப் பொருள்களால் தேநீர் நிறமாக இருக்கும். அந்நிறமும் கலங்கலும் கதிரை மறைப்பதால் அத்தகைய நீரில் இக்கருவியை மட்டும் நம்புதல் தகாது. மின்கலம் தீர்ந்தால் பயனில்லை என்பதும் கருதத்தக்கது.

எச்சரிக்கை: நீர்ப்பரப்பில் பச்சை வண்ணப்பூச்சுப்போல் படலம் தென்பட்டால் அது நீலப்பச்சை அல்காவாக இருக்கலாம். அதன் நஞ்சைக் கொதிக்கவைத்தோ முகாம் வடிகட்டியாலோ நீக்க இயலாது. சுன்னாகத்தின் பாடம் இங்கும் பொருந்தும்: அந்நீரை விட்டு வேறு நீர்நிலையை நாடுவதே வழி.

ஒரு குடும்பத்திற்கான கணக்கு

நால்வர் மூன்று நாள் உட்பகுதியில் தங்குவதாகக் கொள்வோம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் எனில், மொத்தம் 36 லீற்றர் தேவை. இவ்வளவையும் கொதிக்கவைக்க எரிவாயுக் குப்பிகள் பல வேண்டும். உறிஞ்சு குழாய் வடிகட்டி ஒருவரின் தாகத்தைத் தீர்க்கும், சமையலுக்கு உதவாது. ஆகவே பின்வரும் ஏற்பாடு பொருத்தமானது:

1. குடிநீருக்கு, மரக்கிளையில் தொங்கவிடும் புவியீர்ப்பு வடிகட்டிப் பை. கையால் அழுத்தத் தேவையின்றி ஒரே முறையில் பல லீற்றர் கிடைக்கும்.
2. தேநீர், சோறு, கஞ்சி ஆகியவற்றுக்கான நீர் எப்படியும் கொதிக்கும். அதனை முன்கூட்டி வடிகட்டத் தேவையில்லை.
3. வடிகட்டி பழுதடைந்தால் பயன்படுத்த, குளோரின் டைஒக்சைட் மாத்திரைகள்.
4. குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தோர் உடன் வந்தால், அவர்களுக்கு வடிகட்டிய நீரையும் கொதிக்கவைத்தே கொடுத்தல் நன்று.

இதே வடிகட்டியை இலங்கைக்கோ இந்தியாவுக்கோ கொண்டுசெல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் செறிந்த இடங்களில் ஹெப்பரைற்றிஸ் ஏ போன்ற வைரசுகளின் ஆபத்து மிகுதி. அங்கு வடிகட்டல் மட்டும் போதாது. கொதிக்கவைத்தலோ மாத்திரையோ சேர வேண்டும்.

பராமரிப்பு

நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை நனைந்த பின் உறைந்தால் உள்ளே வெடிப்புகள் தோன்றும். வெளியிலிருந்து அவை தெரியா. நீரும் முன்போலவே வழியும். மே மாதத்திலும் ஒக்ரோபரிலும் இரவில் உறைகுளிர் நிலவக்கூடும் என்பதால், வடிகட்டியை உறைபையில் இட்டுத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்திருக்கலாம் என ஐயம் எழுந்தாலே மாற்றிவிடுவது நன்று. பீங்கான் வடிகட்டி கீழே விழுந்தால் விரிசலைச் சோதிக்க வேண்டும்.

ஏரி நீர் பட்ட குழாயும் பையும் தூய நீர்ப் போத்தலின் வாயைத் தொடக் கூடாது. சரியாக வடிகட்டிய நீரும் ஒரு துளி ஏரி நீரால் மீண்டும் மாசடையும். கைகழுவாமல் உணவைத் தொடுவதும் அதே விளைவைத் தரும். மலங்கழித்தலும் பாத்திரங்கழுவலும் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீற்றருக்கு அப்பால் நிகழ வேண்டும். ஒருவரின் கழிவிடம் அடுத்தவரின் குடிநீராகக் கூடாது.

வீடு திரும்பிய பின்

ஜியார்டியா நோயின் அறிகுறிகள் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குப் பின்னரே தோன்றும். அதற்குள் பயணம் மறந்துபோயிருக்கும். வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, உப்புசம், எடைக்குறைவு ஆகியன தொடர்ந்தால் மருத்துவரிடம் ஏரி நீர் அருந்தியதைக் கட்டாயம் கூற வேண்டும்; எந்தப் பரிசோதனை தேவை என்பதை அத்தகவலே அவருக்கு உணர்த்தும். மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ, குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ தாமதியாது மருத்துவமனையை நாடுக. அவசரமற்ற ஆலோசனைக்கு 811 என்னும் இலக்கத்தை அழைத்துத் தாதியுடன் பேசலாம். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்டுப் பெறலாம்.