மறுப்புக்குப் பின் ஒரு மனு

கடல் கடந்து வாழும் பிள்ளைகளிடம் சென்று சில காலம் தங்கிவர விரும்பும் பெற்றோருக்கு விசா மறுக்கப்படும்போது, வந்து சேர்ந்த கடிதத்தைத் தங்கள் பெற்றோரின் யோக்கியதையைப் பற்றி அந்நிய அரசாங்கம் ஒன்று வழங்கிய தீர்ப்பாகவே பாவித்து மனம் புண்படுவது பெரும்பாலான குடும்பங்களில் நடக்கிற காரியம். என் தாயாருக்குக் கனடா நாட்டின் சூப்பர் விசா முதலில் மறுக்கப்பட்டு, பின்னர் கிடைத்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: அந்தக் கடிதத்துக்குள் விடை பெறாத கேள்வி ஒன்று இருக்கிறது, அக்கேள்வியைக் கண்டுபிடித்து, தக்க அத்தாட்சியோடு அதற்கு விடை எழுதுவதே இரண்டாவது மனுவின் நோக்கமாக இருக்க வேண்டும்.

என் தாயார் ஆடலூரில் இருக்கிறார். தருமத்துப்பட்டியிலிருந்து மலையேறும் பாதையில், கீழ்ப்பழனி மலையின் காபித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர் அது. தந்தையார் காலமான பிறகும், நிழல்மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த எங்கள் சிறு தோட்டத்தை அவரே முன்னின்று கவனித்துவருகிறார். நான் திண்டுக்கல்லில் உத்தியோகம் பார்க்கிறேன். தங்கை குடும்பத்தோடு டொரொன்டோ நகரில் குடியேறியிருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும், தாயாரைச் சில காலம் அங்கே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள்.

கனடா சூப்பர் விசாவை 2011 டிசம்பரில் தொடங்கியது. அந்நாட்டுப் பிரஜைகளாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாகவோ இருப்பவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் இதற்கு மனுச் செய்யலாம். சாதாரண வருகை விசாவில் வழக்கமாக ஒரு தடவைக்கு 6 மாதம் தங்கலாம் என்றால், இதில் 2022 ஜூலை 4 முதல் ஒரே தடவையில் 5 ஆண்டு வரை தங்க அனுமதி உண்டு. விசாவும் 10 ஆண்டு வரை பலமுறை போய்வரும்படி வழங்கப்படும். ஆயினும் இது குடியேற்றம் ஆகாது. எத்தனை நீண்ட காலம் தங்க உரிமை கேட்கிறோமோ அத்தனைக்கத்தனை, திரும்பி வருவோம் என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் பெரிதாகிறது. மறுப்புகள் பலவும் பிறக்கும் இடம் இதுவே. தங்கும் காலம் முடிந்ததும் மனுதாரர் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்று உத்தியோகஸ்தருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்பது அந்நாட்டுக் குடியேற்ற விதிகளில் 179ஆம் பிரிவின் நிபந்தனை. மறுப்புக் கடிதத்தில் அந்தப் பிரிவையும், குடும்ப பந்தம், சொத்து, பிரயாணத்தின் நோக்கம் என்ற பொதுவான காரணங்களையும் மட்டுமே குறிப்பிடுவார்கள். அதைப் படித்து நிஜக் காரணத்தை ஊகிப்பது இயலாத காரியம்.

ஆகையால் மறுப்பு வந்தவுடன் செய்யத்தக்க முதற்காரியம், மனுவைப் பரிசீலித்த உத்தியோகஸ்தர் தம் கோப்பில் எழுதிவைத்த குறிப்புகளை வரவழைப்பதாகும். கனடாவில் வசிக்கும் பிள்ளை, பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தோடு, தகவல் பெறும் சட்டத்தின்கீழ் 5 டாலர் கட்டணம் செலுத்தி அவற்றைக் கேட்டு வாங்கலாம். 2025 ஜூலை இறுதியிலிருந்து சிலவகை மறுப்புக் கடிதங்களோடு அக்குறிப்பையும் இணைத்தே அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். ஆதலால் கடிதத்தின் கடைசிப் பக்கம் வரையில் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது நலம். எங்களுக்கு வந்த குறிப்பு சில வரிகளே கொண்டது. மனுதாரர் விதவை, மகள் கனடாவில், சொந்த நாட்டில் அவரை ஈர்த்து நிறுத்தும் பொருளாதாரப் பந்தம் போதிய அளவு காட்டப்படவில்லை, வங்கிக் கணக்கில் அண்மையில் சேர்ந்த தொகைக்கு விளக்கம் இல்லை. இதைப் படித்தபின் என் வருத்தம் தணிந்து, செய்யவேண்டிய வேலை கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த விசா மறுப்பின்மேல் சாதாரண அப்பீல் கிடையாது. கனடாவுக்கு வெளியே செய்யப்பட்ட முடிவாயின், அது தெரியவந்த 60 நாளுக்குள் அங்குள்ள பெடரல் நீதிமன்றத்தில் மறுபரிசீலனைக்கு அனுமதி கோரலாம். ஆனால் நீதிமன்றம் தானே விசா கொடுத்துவிடுவதில்லை, முடிவு நியாயமானதா என்றே ஆராயும். கொடுத்த அத்தாட்சிகளை உத்தியோகஸ்தர் கவனியாமல் விட்டிருந்தால் அந்த வழி பொருத்தமானது. அத்தாட்சியே குறைவாயிருந்தால் புதிய மனுவே உசிதம். புதிய மனுவுக்குக் காத்திருப்புக் காலம் எதுவும் விதிக்கப்படவில்லை. எனினும், அதே காகிதங்களை அதே வரிசையில் மறுபடி அனுப்புவோருக்கு அதே பதிலே வரும். எனவே ஏதேனும் ஒரு முக்கிய விஷயம் மாறியிருக்கும் வரையில் பொறுத்திருப்பது விவேகம்.

எங்கள் மனுவில் குறைந்திருந்தது நிலத்துக்கான அத்தாட்சி. மலைக்கிராமங்களில், அநுபவத்தில் ஒருவருக்குச் சொந்தமான நிலம் காகிதத்தில் காலமான கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ நின்றுவிடுவது சகஜம். ஊரார் அனைவருக்கும் அது யார் தோட்டம் என்று தெரியுமாதலால், காகிதத்தின் அவசியம் யாருக்கும் தோன்றுவதில்லை. கடல் கடந்த நாட்டின் உத்தியோகஸ்தருக்கோ அந்தக் காகிதம் ஒன்றே ஆடலூர். நாங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, அதைக்கொண்டு பட்டாவைத் தாயார் பேருக்கு மாற்றி, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்தோம். மாதங்கள் பிடித்த வேலை இது. விசாவுக்கென்று செய்தாலும், விசா கிடைக்காமற் போயிருந்தாலும்கூட, தாயாருக்கு நிலைத்த நன்மையைத் தந்த வேலை.

நிலம் இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது. அந்த நிலத்துக்கு அவர் வேண்டியவர் என்பதையும் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் காபிப் பழம் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மும்முரமாகப் பறிக்கப்படுகிறது; மிளகு மாசி, பங்குனியில். பட்டிவீரன்பட்டி வியாபாரிகளுக்குக் காபி போட்ட ரசீதுகள், வங்கியில் அந்தத் தொகைகள் வரவான தேதிகள், ஆட்கூலி கொடுத்த கணக்கு நோட்டின் பக்கங்கள் ஆகியவற்றைப் பல வருஷ வரிசையில் அடுக்கிவைத்தோம். தாயாரோ முதல்நாளிலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "பேத்தியப் பாத்துட்டு, பழம் பறிக்கிற நேரத்துக்கு வந்துரணும்ப்பா. நான் இல்லாட்டி யாரு நின்னு பாக்குறது?" மனுவின் முழு நியாயமும் அந்த வார்த்தையில் இருந்தது. சித்திரையில் புறப்பட்டு ஐப்பசிக்குள் திரும்புவது என்ற பிரயாணத் திட்டத்தைப் பயிர்க்காலத்தோடு பொருத்தி எழுதினோம். சில மாதமே தங்குவதற்கு ஏன் சூப்பர் விசா என்ற கேள்வி எழுமாகையால், பேத்தி வளரும் ஆண்டுகளில் மறுபடி மறுபடி போய்வரவும், எப்போதேனும் உடல்நிலையோ குடும்பத் தேவையோ கருதிச் சற்று அதிகம் தங்க நேர்ந்தால் சட்டத்துக்கு உட்பட்டே தங்கவும் வேண்டி இதைக் கேட்கிறோம் என்பதையும் மறைக்காமல் எழுதினோம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனுச் செய்யும் சமயத்தில் கணக்கில் பெருந்தொகை ஒன்றைக் கொண்டுவந்து போடுவதால் வலிமை சேர்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். காரணம் சொல்லப்படாத பெருந்தொகை சந்தேகத்தையே வளர்க்கும். சிறிய வரவாயினும், ஆண்டுதோறும் ஒரே மூலத்திலிருந்து வந்துகொண்டிருப்பதே நம்பிக்கை தருவது. நிலத்தின் மதிப்புக்கு மதிப்பீட்டாளரின் அறிக்கையும், மொத்த ஆஸ்திக்குப் பட்டயக் கணக்கரின் சான்றும் வைத்தால், பரிசீலிப்பவருக்கு வேலை சுலபமாகும். மகளுடைய வருமானமே இந்த விசாவின் முக்கிய நிபந்தனை என்பதால், தாயாரைக் கோடீசுவரியாகக் காட்டவேண்டிய அவசியம் சற்றும் இல்லை.

உறவை நிரூபிப்பதிலும் நம்மவர்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. தலைப்பெழுத்தும் பெயருமாக வாழ்ந்து பழகிய நமக்கு, கடவுச்சீட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக மாறிவிடுகிறது. ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னும், மற்றொன்றில் விரிந்து பின்னும் நிற்கும். வீட்டிலேயே பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டவர்களும் மலையில் உண்டு. தாமதப் பதிவுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தாயின் பெயரும் தாயின் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் ஒன்றே என்பதைப் பிரமாணப் பத்திரம் மூலம் விளக்கி, குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் துணையாக வைக்க வேண்டும். தமிழில் உள்ள ஒவ்வொரு தஸ்தாவேஜுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் தேவை.

தங்கையின் பக்கத்தில் வேண்டியவை தெளிவானவை. வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையோடு வரவிருக்கும் தாயாரையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச வருமானம் இருப்பதற்கு வரித்துறையின் மதிப்பீட்டு அறிவிப்பு, தங்கியிருக்கும் காலம் முழுதும் ஆதரிப்பதாக எழுத்துமூலமான வாக்குறுதி, அழைப்புக் கடிதம், குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு, நுழையும் நாளிலிருந்து ஓராண்டேனும் செல்லத்தக்க மருத்துவக் காப்பீடு. 2025 ஜனவரி 28 முதல், அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனக் காப்பீட்டையும் ஏற்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை முதலிய பழைய வியாதிகளுக்குக் காப்பீடு எந்த நிபந்தனையில் பொருந்தும், விசா மறுக்கப்பட்டால் கட்டிய தொகை திரும்ப வருமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பின்னரே பணம் கட்டுவது நல்லது. கைரேகைப் பதிவு 10 ஆண்டும் குடியேற்ற மருத்துவப் பரிசோதனை 12 மாதமும் செல்லுமாதலால், மறுமனுவில் அந்தச் செலவுகளை மறுபடி செய்வதற்கு முன் பழையவை இன்னும் செல்லுபடியாகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இவை அனைத்துக்கும் முன்னால் வைக்கும் விளக்கக் கடிதத்தை அதிசிரத்தையோடு எழுத வேண்டும். முந்தைய மறுப்பின் தேதியையும் காரணத்தையும் முதல் பத்தியிலேயே நாமாகச் சொல்லி, ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே இன்ன பக்கத்தில் இன்ன அத்தாட்சி என்று காட்டிச் சென்றால் அதுவே சிறந்த முறை. கெஞ்சுவதும் குறைகூறுவதும் அதில் இடம்பெறலாகாது. வெளிநாடு போய்வந்த அனுபவம் இல்லாதது ஒரு குற்றம் ஆகாது. கனடாவின் பெடரல் நீதிமன்றமே அதை நடுநிலையான அம்சமாகக் கருதித் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக அவசரமாக ஏதேனும் ஒரு நாட்டுக்குப் போய்வர வேண்டிய கட்டாயம் இல்லை. இரட்டை எண்ணம், அதாவது என்றேனும் சட்டப்படி குடியேற விரும்பினாலும் இப்போது தற்காலிகமாக மட்டும் வருவது, அவர்கள் சட்டத்திலேயே இடம்பெற்றது. ஆதலின் அந்த ஆசை உள்ளவர்களும் பொய் சொல்ல அவசியமில்லை.

பழைய மறுப்பைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்றும், இல்லாத நிலத்துக்குக் காகிதம் தருகிறோம் என்றும் உபதேசிக்கும் முகவர்கள் உண்டு. வேறு நாடுகளில் நேர்ந்த மறுப்பைக்கூடப் படிவம் நேரடியாகக் கேட்கிறது. மறைத்தது வெளிப்பட்டால் மனுதாரர் 5 ஆண்டுக்குக் கனடாவுக்குள் நுழையத் தகுதியற்றவராகிவிடுவார். அந்தக் களங்கம் ஏற்படுவது படிவத்தைப் பூர்த்திசெய்த முகவர் மேல் அன்று, கையெழுத்திட்ட முதிய தாயின்மேல். ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கு ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக்காட்டி, அவர்கள் சொன்ன விடையையே எழுதிய பிறகு கையெழுத்து வாங்குவது பிள்ளைகளின் தர்மம்.

விசா கிடைத்த பின்பும் இறுதி அனுமதி விமான நிலையத்து உத்தியோகஸ்தர் கையில் இருக்கிறது. காப்பீட்டுப் பத்திரம், அழைப்புக் கடிதம், திரும்பும் திட்டம் ஆகியவற்றின் பிரதிகளும், மருத்துவர் சீட்டோடு மாத்திரைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும். எந்தத் தேதி வரையில் தங்க அனுமதித்தார்கள் என்பதை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.

இத்தனை முயற்சிக்கும் முன்னால், பெற்றோர் உண்மையாகவே போக விரும்புகிறார்களா, எத்தனை மாதம் அவர்களால் அங்கே மனநிறைவோடு இருக்க முடியும் என்று கேட்டறிவது எல்லாவற்றிலும் முதன்மையானது. பேரக் குழந்தையைப் பார்க்கும் ஆசையும் தோட்டத்தை விட்டிருக்க மாட்டாத மனமும் ஒருங்கே உள்ளவர் என் தாயார். முதல் மனு அவருடைய ஆசையை மட்டுமே பேசியது. இரண்டாவது மனு இரண்டையும் சேர்த்துப் பேசிற்று. உங்கள் தாய் தந்தையரின் மனுவை எழுத உட்காரும்போது, அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், ஊரில் அவர்கள் இல்லாமல் நடவாத காரியங்கள் எவை என்பதற்கு மூன்று பக்கம் ஒதுக்குங்கள். அந்த மூன்று பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதம் இணையுங்கள்.