கடைசி இடத்திலிருந்து கோப்பை வரை: சென்னையின் எஃப்.சி. 2015 சொல்லும் கணக்கு

நண்பர்களே, செமஸ்டர் நெருங்கினால் ஹாஸ்டலில் ஒரு டயலாக் கேட்கும்: "கடைசி ரெண்டு வாரத்துல பாத்துக்கலாம் மச்சி!" அப்படிச் சொல்றவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் ஒரு கதை நம்ம ஊர்லயே இருக்கு. ஆனா அந்தக் கதையைப் பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்தா வேற பாடம் கிடைக்குது. வாங்க, போட்டுப் பார்ப்போம்.

2015 இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து. மொத்தம் 8 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 14 லீக் ஆட்டங்கள். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. முதல் 4 இடம் பிடிக்கிற அணிகளுக்கு அரையிறுதி. சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளர் மார்கோ மாட்டெராஸி. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலிக்காக கோல் அடித்தவர். ஜிடேன் தலையால் முட்டியது இவரைத்தான்!

லீக்கில் இன்னும் 4 ஆட்டங்களே பாக்கி இருந்தபோது சென்னை அணி கடைசி இடத்தில் இருந்தது. அதுவரை ஆடிய 10 ஆட்டங்களில் 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. மொத்தம் 10 புள்ளி. அதன் பிறகு நான்கு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார்கள். 10 + 12 = 22 புள்ளி. மூன்றாம் இடம், அரையிறுதி உறுதி.

"பாத்தியா, கடைசி நேரத்துல ஜெயிச்சுட்டாங்க!" என்று தோணும். கொஞ்சம் நில்லுங்க. அந்த ஆண்டு ஐந்தாம் இடம் பிடித்து வெளியேறிய நார்த் ஈஸ்ட் யுனைடெட் எடுத்தது 20 புள்ளி. சென்னை அந்த நான்கில் ஒன்றைத் தோற்றிருந்தால் 19 புள்ளிதான், கதை முடிந்திருக்கும். முதல் 10 ஆட்டங்களில் கிடைத்த 3 வெற்றிகளில் ஒன்று குறைந்திருந்தாலும் அதே 19தான். மோசமாக ஆடிய நாட்களிலும் சேர்த்து வைத்த அந்த 10 புள்ளி இல்லாவிட்டால், கடைசி நான்கு வெற்றிக்கும் மதிப்பே கிடையாது.

வெம்பாக்கம், ஆரணி பக்கத்துத் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுசு இல்ல. பாவு சரியா இல்லன்னா, கடைசி நாள்ல எவ்வளவு வேகமா நெய்தாலும் சேலை வராது. இன்டர்னல் மார்க்கும் நமக்குப் பாவு மாதிரிதான்.

அரையிறுதி வந்தபோது இன்னொரு சிக்கல். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியிருந்தது. சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய ஆட்டம் புனேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 1-2 தோல்வி. ஆனாலும் இரண்டையும் கூட்டினால் 4-2. இங்கேயும் முன்னாடி சேர்த்து வைத்ததுதான் காப்பாற்றியது!

டிசம்பர் 20, கோவா ஃபடோர்டா மைதானம். இறுதிப் போட்டியில் எதிரணி, லீக்கில் முதலிடம் பிடித்த எஃப்.சி. கோவா. அதுவும் அவர்கள் சொந்த ஊரில். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சுய கோல், 2-2. இஞ்சுரி டைமில் கொலம்பிய வீரர் ஸ்டீவன் மெண்டோசா அடித்தார், 3-2. கோப்பை சென்னைக்கு! அந்தத் தொடரில் 13 கோல்களோடு கோல்டன் பூட்டும் மெண்டோசாவுக்கே.

ஒரு விஷயம் கவனிங்க. முந்தைய ஆண்டு, 2014-ல், லீக்கில் முதலிடம் பிடித்தது இதே சென்னை அணிதான். ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம் தோற்று வெளியேறியது. முதலிடத்தில் இருந்த வருஷம் கோப்பை இல்லை, கடைசி இடம் வரை போன வருஷம் கோப்பை. டேபிளில் இன்றைக்கு நீங்க எந்த இடம் என்பது முடிவு இல்லை.

அரியர் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு சின்ன வேலை: ஒரு பேப்பர் எடுங்க. இதுவரை கையில் இருக்கும் மார்க் எவ்வளவு, இன்னும் எடுக்க வேண்டியது எவ்வளவு, மீதி எத்தனை பேப்பர் என்று எழுதுங்க. கணக்கு இடம் கொடுத்தால், நம்பிக்கையோடு இறங்குங்க. இப்போதுதான் முதல் வருஷமா? அப்போ அந்த முதல் 10 புள்ளியை இன்றைக்கே சேர்க்க ஆரம்பிங்க!