முதுகுவலிக்கு ஊசி: யாருக்கு? எதற்கு?



காஞ்சிபுரம் பட்டைக் கண்டு மகிழாதவர் இல்லை. ஆனால் அதை நெய்கிறவரின் முதுகை யாரும் நினைப்பதில்லை. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, நாள் முழுவதும் முன்னே குனிந்தபடி அவர் நெய்கிறார்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த நடுவயது நெசவாளர் ஒருவர் ஸ்கேன் படத்தை எங்களிடம் நீட்டினார். "டிஸ்க் பிதுங்கியிருக்காம் ஐயா. ஊசி போட்டாத்தான் சரியாகுமாம். முதலாளிகிட்ட கடன் கேட்டிருக்கேன்" என்றார். அந்தக் கடன் மாதக்கணக்கில் அவருடைய கூலியைத் தின்னும். ஆகவே, இந்த ஊசியைக் குறித்து எங்கள் மருத்துவர்களிடம் கேட்டு அறிந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

1. டிஸ்க் என்பது என்ன?

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் 23 வட்டுகள் உள்ளன. வெளியே உறுதியான நார்வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலுக்கு இறங்கும். இதை 1934-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் விளக்கினர்.

ஆயினும் பிதுக்கமெல்லாம் நோயல்ல. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்த ஆய்வு ஒன்று 1994-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது!

2. ஊசிகள் மூவகை

முதலாவது, கண்டறியும் ஊசி. சுவீடன் மருத்துவர் லிண்ட்பிளாம் 1948-இல் இதை விவரித்தார். எக்ஸ்ரே உதவியுடன் டிஸ்க்குக்குள் சாயமருந்தைச் செலுத்துவார்கள். நோயாளி விழித்திருக்க வேண்டும். "உங்கள் பழைய வலி இதுதானா?" என்று கேட்பார்கள். ஒரு டிஸ்க்கில் அதே வலி எழும்பி, பக்கத்து டிஸ்க்கில் எழும்பாவிட்டால், அந்த டிஸ்க்கே காரணம் என்று கருதுவார்கள். ஆனால் இவ்வாறு குத்தப்பட்ட டிஸ்க்குகள் பத்து ஆண்டுகளில் அதிகம் தேய்ந்திருந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே எல்லாருக்கும் செய்யும் சோதனை அல்ல இது.

இரண்டாவது, ஸ்டீராய்டு ஊசி. இது பெரும்பாலும் டிஸ்க்குக்குள் அல்ல, நரம்பைச் சுற்றியுள்ள இடத்தில் போடப்படுகிறது. கால்வலி சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ தணியலாம். வெறும் இடுப்புவலிக்குப் பலன் குறைவு.

மூன்றாவது, கூழைக் கரைக்கும் ஊசி. பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த மருந்தை அமெரிக்க மருத்துவர் லைமன் ஸ்மித் 1960-களில் மனிதருக்குச் செலுத்தினார். 1982-இல் அங்கே அனுமதி கிடைத்தது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் நரம்புப் பாதிப்பும் உண்டாயின. 2003-இல் அங்கே விற்பனை நின்றது.

டிஸ்க்கைக் குத்தும் எந்த ஊசியிலும் கிருமித்தொற்று அபாயம் சிறிதளவு உண்டு.

3. யாருக்குத் தேவை?

டிஸ்க்கினால் வரும் கால்வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் ஊசியின்றியே குறைகிறது. படுத்தே கிடக்காமல் நடப்பதும் உடற்பயிற்சியும் நல்லது. அப்படியும் தணியாத கடும் கால்வலிக்கே ஸ்டீராய்டு ஊசியை யோசிக்கிறார்கள். ஆனால் கால் பலவீனமானாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

நம் நெசவாளருக்கு இந்த அறிகுறிகள் இல்லை. எப்படி உட்காருகிறார், எப்போது வலிக்கிறது என்று மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். இயன்முறைச் சிகிச்சையாளர் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, அடிக்கடி தறியைவிட்டு எழுந்து நடக்கச் சொன்னார். அவர் கடன் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது, "வலி முழுசா போகல ஐயா. ஆனா தறியில உட்கார முடியுது" என்றார்.

அன்பானவர்களே, சாயமருந்துச் சோதனையும் கடைசியில் நோயாளியின் வாய்ச்சொல்லையே நம்பி நிற்கிறது. நம் ஆண்டவரும் வழியோரத்துக் குருடனிடம் முதலில் கேட்டார், பிறகே குணமாக்கினார். ஆகவே ஊசி போடாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணாதிருங்கள். பொறுமையாகக் கேட்கும் அந்த நேரத்தையும் உங்கள் காணிக்கைகளே தாங்குகின்றன. தறியில் குனிந்திருக்கும் நம் சகோதரரை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.