அப்பாவின் டிரங்குப் பெட்டி

கேள்வி: என் அப்பா பத்திரிகை ஓவியர். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஓவியங்களும் கடிதங்களும் விட்டுச் சென்றிருக்கிறார். எப்படிப் பாதுகாப்பது? என்ன விலை போகும்?

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சூடும் பசையும் காகிதத்தை மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். துருவேறிய குண்டூசிகளை மெல்ல எடுங்கள். ஓவியங்களுக்கு இடையே அமிலமில்லாத தாள் வையுங்கள். பின்புற ஓரத்தில் இதழின் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் குறியுங்கள். பேனா கூடாது.

விலை பேசுமுன் எதையும் பிரிக்காதீர்கள். ஆசிரியரின் கடிதம், சன்மான ரசீது, அச்சான பக்கம் எல்லாம் கூடவே இருந்தால், ஓவியம் உங்கள் அப்பா கைப்பட வரைந்தது என்பதற்கு அவையே சாட்சி. மதிப்பும் அதனால்தான் கூடும்.

கோட்டையூரைச் சேர்ந்த பெயர்ப்பலகை ஓவியர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு சிதறாமல் காப்பாற்றப்பட்டதால்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. வாங்க வருபவரிடம் காட்டுமுன் அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.